கடைவாய்ப்பல் மோதிரம்

நகைக்கடைப் பெண் என்னை ஆண்கள் மோதிரம் இருக்கும் பக்கம் போகச் சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். திட்டினால் திருப்பித் திட்டலாம். சிரித்துக்கொண்டே சொல்கிறவளை என்ன செய்வது? பாவம், அவளும் தட்டுத் தட்டாக எடுத்துப் போட்டுத்தான் பார்த்தாள். எல்லா மோதிரமும் விரலின் நடு முட்டிவரை சமர்த்தாக வந்தது, அங்கே வந்ததும் அடம்பிடித்து நின்றுவிட்டது.

"மேடம், ஜென்ட்ஸ் செக்‌ஷன்ல கொஞ்சம் பெரிய சைஸ் இருக்கும்" என்றாள்.

அம்மா சட்டென்று என் கையை எடுத்து என் துப்பட்டாவுக்குள் வைத்து மூடினாள். எனக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கடையில் பொம்மையை உடைத்த குழந்தையை இழுத்து மறைப்பதுபோல என் கையை மறைத்தாள்.

என் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் சோபா தைக்கிறவள். தைப்பது என்றால் மிஷின் முன்னால் உட்கார்ந்து பூப்பூவாகத் தைப்பது இல்லை. ஃபோமின் மேல் துணியைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, சுருக்கம் போகும்வரை இழுத்து இழுத்து ஸ்டேப்ளர் அடிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடமாக இழுக்கிறேன். விரலெல்லாம் பலத்து, முட்டிகள் பருத்து, கை எனக்கென்று ஒரு கையாகிவிட்டது. வேலையில் அதற்கு நல்ல பெயர். வெளியேதான் இல்லை. முன்பு ஒரு சம்பந்தம் பேச வந்த அம்மா, என் கையை அன்பாகப் பிடித்துத் தடவிவிட்டு, "கை கொஞ்சம் ஆம்பளக் கை மாதிரி இல்ல?" என்று தன் தங்கையிடம் கேட்டார். நான் ஏதோ கடையில் தொங்கும் துணி, எனக்குக் காது கிடையாது. அந்தச் சம்பந்தம் அப்படியே போயிற்று. போனதில் எனக்கு வருத்தமே இல்லை, ஆனால் அன்றிலிருந்து நான்கு பேர் முன்னால் கையை நீட்டுவதை விட்டுவிட்டேன். வாங்குவதை வாங்கி, கொடுப்பதைக் கொடுத்து, உடனே கையை மடக்கிக்கொள்வேன்.

இப்போது நிச்சயதார்த்தம் என்கிறார்கள். ஊரைக் கூட்டி வைத்துக் கையை நீட்டு என்கிறார்கள். வேறு எதற்கும் நான் பயப்படவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் பயந்தேன்.

மாப்பிள்ளை அன்று கடையில்தான் இருந்தார். ஆனால் என் பக்கம் இல்லை. விளக்கு வெளிச்சமாக இருந்த மூலையில் நின்று, ஒரு மோதிரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் பல் செய்கிறவர். டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள், இவர் ஒரு லேப்பில் உட்கார்ந்து அதற்கு ஏற்ற பல்லையும் பல் மேல் மாட்டும் கேப்பையும் செய்து அனுப்புவார். எங்கள் வீட்டில் என் அண்ணன் அவருக்கு வைத்த பெயர் 'பல்லு செட்'. "மாப்பிள்ளைன்னு சொல்லுடா" என்று அம்மா தினமும் கத்துவாள். கத்திவிட்டு அவளே ஒரு நாள் போனில், "பல்லு செட் வந்திருக்கார், சீக்கிரம் வா" என்றாள்.

எங்களுக்குள் எப்படி ஆயிற்று என்றால், நாற்காலியால் ஆயிற்று. லேப்பில் இவர் உட்காரும் நாற்காலி கிழிந்துபோய் என் பட்டறைக்கு வந்தது. தைத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. அதற்கடுத்து வந்த நாற்காலியின் சீட்டில் ஒரு நீளக் கோடு, பிளேடு வைத்து இழுத்த மாதிரி சுத்தமாக. கிழிசலுக்கும் வெட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்?

"இது எப்படிக் கிழிஞ்சுது?" என்றேன்.

"தானா கிழிஞ்சுது" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

தானாகக் கிழிந்த அந்த நாற்காலியை மட்டும் காசு வாங்காமல் தைத்தேன். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கடைக்கு வருகிறேன். ஆண்கள் பக்கம் போக நான் மறுத்துவிட்டேன். உண்மைக் காரணத்தைச் சொல்லாமல் வேறு காரணம் சொன்னேன், அதுவும் பொய் இல்லை. கல் வைத்த மோதிரம் ஒன்றை எடுத்து, அது இருந்த தட்டின் வெல்வெட் மேல் லேசாக இழுத்துக் காட்டினேன். கொக்கி நூலைப் பிடித்துக்கொண்டது. கடைப்பெண்ணுக்கு உயிர் போய் வந்தது.

"பாத்தீங்களா? இதைப் போட்டுக்கிட்டு நான் ஒரு சோபா தைச்சேன்னா, அந்த சோபா குப்பைக்குத்தான் போகும்."

அவர் மூலையிலிருந்து வந்தார். கண்ணில் அப்படி ஓர் ஒளி. வேலைக்காரனுக்கு வேலை கிடைத்தால் வருமே, அது.

"எல்லாரும் கல்லைத் தூக்கி நிறுத்துறாங்க. ஏன் தூக்கணும்? தங்கத்துக்குள்ள இறக்கிடலாம். பல்லுல குழி எடுத்து அடைக்கிற மாதிரி. கை வச்சு வழிச்சாலும் எதுலயும் மாட்டாது. நானே பண்றேன்."

"வாயில போடுறதைப் பண்ற ஆள் நகை பண்றதா?" என்றாள் அம்மா என் காதில். ஆனால் லேப்பில் அந்தக் காலத்துத் தங்கக் கேப் செய்கிற அடுப்பு முதலானதெல்லாம் இருந்தது, முதலாளியும் சரி என்றுவிட்டார். மிளகு அளவில் ஒரு நீலக்கல் வாங்கினோம். அம்மா வாயை மூடிக்கொண்டாள். தற்காலிகமாகத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெழுகில் மாதிரி செய்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சின்ன டப்பாவில் பஞ்சு வைத்து, அதன் மேல் மூன்று மெழுகு மோதிரங்கள். முதல் மாதிரி வழுவழுவென்று குமிழ்போல இருந்தது. இரண்டாவது சதுரம். இரண்டுமே சரியாக இருந்தன, அதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. மூன்றாவதை அவர் கட்டைவிரலால் மறைத்தார்.

"அதை விடுங்க. கைப் பழக்கத்துல வந்துருச்சு."

விடுவேனா? விரலைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். நான்கு பக்கமும் நான்கு மேடு, நடுவில் ஒரு பள்ளம், பள்ளத்திலிருந்து நான்கு திசைக்கும் மெல்லிய வரி. கல் உட்கார அந்தப் பள்ளம். சந்தேகமே இல்லை, அது ஒரு கடைவாய்ப்பல். மற்ற இரண்டும் மோதிரம் செய்ய வேண்டுமே என்று யோசித்துச் செய்தவை. இதை அவர் எதையும் யோசிக்காமல் செய்திருக்கிறார், அதனாலேயே உயிரோடு இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதன் மேல் விரலை ஓட்டினேன். எங்கேயும் பிசிர் இல்லை. எனக்குப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான்.

"இதுதான் வேணும்" என்றேன்.

அம்மா டப்பாவை வாங்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"பல்லா? நிச்சயதார்த்தத்துக்கு யாராவது பல்லைப் போடுவாங்களா? தட்டுல வச்சு எடுத்துட்டு வந்தா, யாரோட பல்லுன்னு கேக்க மாட்டாங்களா?"

"தூரத்துல பாத்தா பூ மாதிரி இருக்கும்மா."

"எந்தப் பூவுடி கடைவாயில பூக்குது?"

அண்ணி சமையலறையிலிருந்து சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "மேல் பல்லா, கீழ் பல்லா மாப்பிள்ளை?" என்று மரியாதையாகக் கேட்டார். "கீழ் பல்லு மாமா" என்றார் இவர் அதைவிட மரியாதையாக. அம்மாவுக்கு அழுகை வராத குறை. பழகிய வாடிக்கையாளரின் பிடிவாதம் என் பட்டறையில் எடுபடாது, அம்மாவின் பிடிவாதம் என் வீட்டில் எடுபடாது. பல் என்று முடிவாயிற்று.

விரல் அளவு எடுக்க என்னை லேப்புக்கு வரச்சொன்னார். அலமாரி நிறைய யார் யாருடைய தாடைகளோ பிளாஸ்டரில் வாய்பிளந்து உட்கார்ந்திருந்தன. சம்பந்தம் பேச வந்தவர்களைப் போலவே என்னைப் பார்த்தன. ஒரு குவளையில் இளஞ்சிவப்புப் பசையைக் குழைத்தார். அது வாய்க்குள் வைக்கும் சாமான் என்பதால் புதினா வாசனை அடித்தது.

"மோதிர விரலை உள்ள விடுங்க. முழுசா. ஆடக் கூடாது."

ஜில்லென்று இருந்தது. அது இறுகும்வரை என் மணிக்கட்டை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் யாரும் என் கையைப் பிடித்ததில்லை. பிடிக்க நான் விட்டதில்லை. பிறகு விரலை உருவச் சொல்லி, அந்தக் குழிக்குள் பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்ததும் பிய்த்து எடுத்தார்.

என் விரல் மேஜையின் மேல் தனியாக நின்றது. ரேகை தெரிந்தது, ஊசி ஏறிய தழும்பு தெரிந்தது, நடுவில் அந்த முட்டி, மறைக்கத் துப்பட்டா இல்லாமல், வெள்ளை வெளேர் என்று. எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது. அவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அருமையான அச்சு. ஒரு குமிழிகூட இல்ல."

வேறு எதுவும் சொல்லவில்லை. எனக்குப் பெரிய நிம்மதி. 'என் முட்டி கொஞ்சம் பெருசு, பார்த்துச் செய்யுங்கள்' என்று வாயைத் திறந்து சொல்லியாக வேண்டுமே என்று எத்தனை நாள் தவித்திருப்பேன். இனி சொல்லத் தேவையில்லை. விரலே அவர் கையில் இருக்கிறது. நான் வேறு சொல்ல வேண்டுமா?

சொல்லியிருக்க வேண்டும்.

நிச்சயதார்த்த மண்டபம் ஒரு மாடியில். நாற்காலிகளுக்கு எவனோ அளவு பார்க்காமல் உறை தைத்திருந்தான், காலடியில் எல்லாம் தொளதொளவென்று தொங்கியது. அதைப் பார்த்துக் கோபப்பட்டதில் கொஞ்ச நேரம் பயம் மறந்தது. அம்மா என் பக்கத்தில் வந்து கடைசி உத்தரவு கொடுத்தாள்.

"கையை ரொம்ப நீட்டாத. அவர் பக்கமா திருப்பி வச்சுக்கோ. போட்டதும் தலைப்பை இழுத்து விட்டுக்கோ. பல்லும் தெரியாது, ஒண்ணும் தெரியாது."

அந்த 'ஒண்ணும்' எது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

டப்பாவைத் திறந்தார். மெழுகு இப்போது தங்கமாகியிருந்தது, பள்ளத்துக்குள் நீலக்கல் அடக்கமாக உட்கார்ந்திருந்தது. அவ்வளவு அழகு. கூட்டம் எழுந்து முன்னால் வந்தது. நான் கையை நீட்டினேன். மோதிரம் நகத்தைத் தாண்டி, முதல் கணுவைத் தாண்டி, சறுக்கிக்கொண்டு வந்தது.

நின்றது.

அவர் லேசாகத் தள்ளினார். நின்றது. திருகித் தள்ளினார். என் தோல் சுருண்டு மடிந்ததே தவிர மோதிரம் அசையவில்லை. கூட்டத்தில் யாரோ 'ச்சொ' கொட்டினார்கள்.

"ரொம்பச் சின்னதா பண்ணிட்டியாடா?" என்றார் அவருடைய அம்மா.

"சோப்பு போட்டா வழுக்கிக்கிட்டுப் போயிடும்" என்று அவருடைய பெரியம்மா கை கழுவும் இடத்துக்கு ஓடினார். அண்ணி எண்ணெய் என்றாள். பின் வரிசையிலிருந்து ஒருவர், "சுண்டு விரல்ல போட்டுடுங்க, முகூர்த்தம் போகுது பாருங்க" என்றார். முகூர்த்தமே பார்க்கவில்லை, சும்மா ஒரு பேச்சுக்கு. எல்லோர் கண்ணும் என் முட்டியின் மேல். அம்மாவின் கை என் புடவைத் தலைப்பை நோக்கி நீண்டுகொண்டிருந்தது.

அவர் மட்டும் எதையும் கேட்கவில்லை. மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்தது. பிறகு மண்டபமே கேட்கும்படி,

"ஐயோ, முட்டியை வெட்டிட்டேன்!" என்றார்.

அப்பா பதறி எழுந்து என் காலைப் பார்த்தார்.

"இல்ல மாமா, அச்சுல. பிளாஸ்டர் விரல்ல. எங்க வேலைல கேப் செய்றப்போ பல்லோட அடி ஓரம்தான் முக்கியம். அதுக்கு இடைஞ்சலா இருக்கிறதை எல்லாம் அச்சுலேருந்து சீவிருவோம். மோதிரம் உக்கார்றது விரலோட அடியிலதானேன்னு, மேல இருந்ததை..."

"சீவிட்டீங்களா?" என்றேன்.

"அறுத்துட்டேன். அடிக்கட்டைல போட்டுப் பாத்தேன். நூலிழை இடைவெளி இல்லாம உக்காந்துச்சு." குரலில் அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமை.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இத்தனை நாள் 'நீங்க, வாங்க' என்று பேசியதெல்லாம் பறந்துவிட்டது.

"இடைஞ்சலா? என் முட்டி உனக்கு இடைஞ்சலா இருந்துச்சா?"

பெரியம்மா சோப்பும் கையுமாக வாசலிலேயே நின்றார்.

"பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே. கடைல ஜென்ட்ஸ் செக்‌ஷனுக்குப் போகச் சொன்னா ஒருத்தி. ஆம்பளக் கைன்னு சொன்னாங்க ஒருத்தங்க. அவங்களாவது வாயால சொன்னாங்க. நீ ரம்பம் வச்சு அறுத்திருக்க!"

சொல்லிவிட்டேன். இத்தனை நாள் யாருக்கும் சொல்லாததை, மைக் ஒன்றுதான் இல்லை, மண்டபத்துக்கே சொல்லிவிட்டேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் மை வழியும், அதையும் எல்லோரும் பார்ப்பார்கள் என்று இன்னும் கோபம் வந்தது.

அவர் என்னைத் திகைத்துப் பார்த்தார். நடிக்கிற மனிதர் இல்லை அவர், நாற்காலி விஷயத்திலேயே தெரிந்துபோனது.

"ஆம்பளக் கையா? எதைச் சொன்னாங்க?"

"இதைத்தான். முட்டி பெருசா இருக்கில்ல, அதை."

"பெருசா?"

என் கையைத் தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். தாடைகளைத் திருப்பிப் பார்க்கிற அதே மாதிரி, முன்னும் பின்னும், அவசரமே இல்லாமல். தன் விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏதோ ஒரு புதுச் செய்தியைப் படிக்கிறவர் முகம்.

"ஆமா, பெருசுதான்" என்றார் மெதுவாக. "எனக்குத் தெரியவே இல்லையே. தெரிஞ்சிருந்தா அளந்திருக்க மாட்டேனா? உன் கைன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். அதுல எது பெருசு, எது சின்னதுன்னு பாக்கல."

அவரும் 'நீ' என்றுவிட்டார்.

இதைவிட அழகாகச் சொல்லும் ஆட்கள் உலகத்தில் நிறைய இருக்கிறார்கள். 'உன் முட்டிகூட எனக்கு அழகு' என்று சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொல்லியிருந்தால் நான் மோதிரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போயிருப்பேன். அழகு என்றும் சொல்லாமல், பரவாயில்லை என்றும் சொல்லாமல், ஊரே பார்த்ததை ஒரு மனிதன் கவனிக்கவே இல்லை. கையில் வைத்துக்கொண்டே கவனிக்கவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, சிரிப்பு முந்திக்கொண்டது.

"உனக்குக் கண்ணு இருக்கா, இல்லையா?" என்றேன்.

"கிட்டப் பார்வை கொஞ்சம்..." என்று அதற்கும் பதில் சொன்னார்.

அண்ணன் முதலில் சிரித்தான், பிறகு மண்டபமே சிரித்தது. பெரியம்மா சோப்போடு வந்து என் கையைப் பிடித்தார். "வேணாம் பெரியம்மா" என்றேன். சுண்டு விரல்காரரும் மறுபடி சுண்டு விரல் என்றார். "அதுவும் வேணாம்."

"நாளைக்கே பின்பக்கம் அறுத்து, திறந்து மூடுற மாதிரி பண்ணித் தந்துடறேன்" என்றார் இவர்.

"அதைத்தான் முதல்லயே பண்ணியிருக்கணும். குஷனை விட உறையோட வாய் சின்னதா இருந்தா, பின்னாடி ஜிப் வச்சுத்தானே ஆகணும்? என் பட்டறையில அத்தனை நாள் நின்னுக்கிட்டிருந்தியே, என்னத்தைப் பாத்த?"

"உன்னைத்தான்" என்றார். காது மடல்வரை சிவந்துபோனது, எனக்கா அவருக்கா என்று சொல்ல மாட்டேன்.

"நாளைக்குப் பண்றதை நாளைக்குப் பாத்துக்கலாம். இன்னிக்கு ஏறின வரைக்கும் இருக்கட்டும்" என்றேன்.

மோதிரம் முட்டிக்கு மேலேயே, விரலின் நடுவில் உட்கார்ந்திருந்தது. அது அங்கே இருந்ததால் மறைக்க வழியே இல்லை. வந்தவர்கள் எல்லோரும் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். என்ன டிசைன் என்று கேட்டார்கள். "கடைவாய்ப்பல், கீழ் வரிசை" என்று நானே சொன்னேன். ஒரு பாட்டி, "எனக்கு அந்த இடத்துல ஒண்ணு இல்ல தம்பி" என்று இவரிடம் வாயைத் திறந்து காட்டினார். இவர் மேடையிலேயே குனிந்து பார்த்து, லேப் முகவரி கொடுத்தார்.

கடைசியில் புகைப்படக்காரர் வந்தார். கேமராவுக்குள் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"மேடம், விரலைக் கொஞ்சம் மடக்கிக்கோங்க. மோதிரம் ஏறாதது படத்துல தெரியும். முட்டியும் கொஞ்சம்..."

அம்மா, "ஆமாம் ஆமாம்" என்றாள்.

நான் கையை முழுவதும் நீட்டினேன். ஐந்து விரலையும் விரித்து, புகைப்படக்காரர் மூக்கில் படாத குறையாக.

"கிட்ட வாங்க சார். இன்னும் கிட்ட."

அந்தப் படத்தில் என் முகம் கலங்கலாகத்தான் வந்திருக்கிறது. பின்னால் இவர் எங்கேயோ பார்க்கிறார், அம்மா பாதி வெட்டுப்பட்டு நிற்கிறாள். முட்டி மட்டும் அவ்வளவு தெளிவு. அதைத்தான் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னேன்.